கோயில் காண்பதும் கோயில் படிப்பதும்

மேற்படிப்புக்காக வெளிநாடு சென்ற நம் இளைஞர்கள், அங்குள்ள தொன்மையான ஆலயங்களை நண்பர்களோடு சுற்றிப் பார்த்து எழுதும் கட்டுரைகள் இன்று ஒரு தனி எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டன. பங்கு விழா மலர்களிலும் கல்லூரி ஆண்டு மலர்களிலும் மறைமாவட்ட இதழ்களிலும் இவற்றை நாம் அடிக்கடி படிக்கிறோம். காங்கேயம், வெள்ளகோவில், பல்லடம், திருப்பூர் என நூலும் துணியுமே வாழ்வாகிப்போன நம் வட்டாரத்திலிருந்து ஆடைத் தொழில்நுட்பமோ வணிக மேலாண்மையோ கற்கச் செல்லும் பிள்ளைகளும் இப்படி எழுதுகிறார்கள். எழுதும் ஆர்வம் மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், இவை எந்த அளவுக்கு இலக்கியமாகின்றன, நம் விசுவாச வாழ்வுக்கு என்ன தருகின்றன என்பதை நாம் சற்று நின்று ஆராய வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரைகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. விடியற்காலைத் தொடர்வண்டி, தோளில் ஒரு பை, பழக்கமில்லாத குளிர், நான்கு நண்பர்கள், நீண்ட வரிசை, உள்ளே நுழைந்ததும் சொல்லிழந்து நின்ற வியப்பு. பிறகு நீளம், அகலம், உயரம், கட்டத் தொடங்கிய ஆண்டு, கட்டி முடித்த ஆண்டு. இறுதியில் ஊரிலுள்ள பெற்றோருக்காக ஒரு மெழுகுவர்த்தி; வாயிலில் ஒரு நிழற்படம். உரோமையைப் பற்றிய கட்டுரையில் ஊர்ப்பெயரை மாற்றிவிட்டால் அது பாரிசைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

வியப்பை நாம் குறைகூறவில்லை. வங்கிக் கடனிலும் தாயின் நகையிலும் படிக்கப் போன பிள்ளை, சிறுவயதில் மறைக்கல்விப் புத்தகத்தில் கண்ட பேராலயத்தின் முன் உண்மையிலேயே நிற்கும்போது நா எழாமல் போவது இயல்பு. ஆனால் வியப்பு என்பது எழுத்தின் வாசற்படி. வாசற்படியிலேயே அமர்ந்துவிட்டவர் வீட்டைக் கண்டவர் ஆகமாட்டார்.

உரோமையிலுள்ள புனித பேதுரு பேராலயத்தையே எடுத்துக்கொள்வோம். 1506இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1626இல் நேர்ந்தளிக்கப்பட்டது என்பதையும், அதன் குவிமாடம் ஏறத்தாழ 136 மீட்டர் உயரமுடையது என்பதையும் எல்லாக் கட்டுரைகளும் தவறாமல் சொல்கின்றன. இவை வழிகாட்டிக் கையேட்டிலும் உள்ள செய்திகள். அந்த 120 ஆண்டுப் பணிக்குப் பொருள் எப்படித் திரட்டப்பட்டது என்ற வினா மட்டும் எழுவதில்லை. பலன்களின் பெயரால் மக்களிடம் பணம் திரட்டப்பட்டதும், அதை எதிர்த்து 1517இல் மார்ட்டின் லூத்தர் குரலெழுப்பியதும், மேலைத் திருச்சபை பிளவுபட்டதும் அந்தக் கற்களோடு பின்னிப்பிணைந்த வரலாறு. இதை எழுதுவது பக்திக்குக் குறைவு என்று நம் மாணவர்கள் கருதுகிறார்கள் போலும். ஆனால் 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், இதே பேராலயத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் பிள்ளைகள் வரலாற்றில் இழைத்த பிழைகளுக்காக இறைவனிடம் பொதுவில் மன்னிப்பு வேண்டினார். திருத்தந்தை மறைக்க விரும்பாததை நம் பயணக் கட்டுரை ஏன் மறைக்க வேண்டும்?

அதே பேராலயத்தில் புனித பேதுருவின் வெண்கலச் சிலை ஒன்று உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் திருப்பயணிகள் தொட்டும் முத்தமிட்டும் அதன் வலப்பாதம் தேய்ந்து, விரல்கள் வடிவிழந்து போயிருக்கின்றன. குவிமாடத்தின் உயரத்தை எழுதும் கட்டுரைகள் இந்தப் பாதத்தின் தேய்வை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. குவிமாடத்தைக் கட்டியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். பாதத்தைத் தேய்த்தவர்களின் பெயர்களோ ஒருவருக்கும் தெரியா. ஆலயம் என்பது இவ்விரு கூட்டத்தாரும் சேர்ந்து எழுதிய நூல். முதல் கூட்டத்தாரை மட்டும் படிப்பவர் பாதி நூலைத்தான் படிக்கிறார்.

முன்னோர் இருவர் வழி

அயல்நாட்டு ஆலயத்தைக் காணச் செல்பவர் தம் மக்களின் வினா ஒன்றைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும் என்பதற்கு நம் அண்டை மொழியிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1778இல் கேரளத்திலிருந்து இரு குருக்கள் உரோமைக்குப் புறப்பட்டனர். ஒருவர் யோசேப்பு கரியாட்டில். இளமையில் உரோமையில் விசுவாசப் பரப்புதல் பேராயத்தின் கல்லூரியில் பயின்றவர். மற்றவர் தோமா பாறேம்மாக்கல். குருத்துவப் படிப்புக்காக மாணவர் இருவரையும் உடனழைத்துச் சென்றனர். தமிழகத்தின் வழியாக வந்து சென்னையில் கப்பலேறி, ஆப்பிரிக்காவின் தென்முனையையும் பிரேசிலையும் சுற்றி லிசுபனை அடைந்து, 1780இல் உரோமை சேர்ந்தனர். அப்பயணத்தைப் பாறேம்மாக்கல் எழுதிய 'வர்த்தமானப் புத்தகம்' மலையாளத்தின் முதல் பயண நூலாகப் போற்றப்படுகிறது. அது 1936இல்தான் அச்சேறியது.

அவர்கள் ஊர் காணச் சென்றவர்கள் அல்லர். பிளவுபட்டுக் கிடந்த தம் மக்களை ஒன்றுசேர்க்கும் விண்ணப்பத்தோடு சென்றவர்கள். எனவே அந்நூலில் உரோமையின் மாட்சி மட்டும் இல்லை. அலுவலகங்களில் காத்திருந்த வேதனையும், ஐயத்தோடு நடத்தப்பட்ட மனக்குறையும் இருக்கின்றன. திருத்தூதர்களின் கல்லறைகளை வணங்கச் சென்றவரே, ஒரு நாட்டுத் திருச்சபையை அந்நாட்டின் மைந்தர்களே வழிநடத்த வேண்டும் என்று வாதாடவும் செய்கிறார். பக்தியும் தன்மானமும் ஒரே உள்ளத்தில் இருக்க முடியும் என்பதற்கு அந்நூல் சான்று. கரியாட்டில் 1783இல் லிசுபனில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, தம் மக்களைச் சென்று சேருமுன்னரே 1786இல் கோவாவில் இறந்தார். அந்த இழப்பை நினைத்துக்கொண்டு படிக்கும்போது பயணத்தின் ஒவ்வொரு நாளும் நமக்குக் கனக்கிறது. எடுத்துச் சென்ற வினாவின் எடையே அந்நூலின் எடை.

இரண்டாமவர் நம் தமிழ் மாணவர். 1913இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள், 1934 முதல் 1939 வரை உரோமையில் பயின்றார். பின்னாளில் 'ஒன்றே உலகம்' என்ற பயண நூலையும் எழுதினார். கோயில்களின் அழகில் திளைக்கத் தெரிந்த அவருடைய கண், அவற்றையொட்டிய நூலகங்களின் தூசியிலும் தமிழைத் தேடியது. 1554இல் லிசுபனில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூலைப் பற்றியும், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பற்றியும் அவர் எழுதியவை தமிழ் ஆய்வுலகின் கவனத்தைத் திருப்பின. அந்தாம் தெ புரோவென்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதியின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அது அவருடைய முயற்சியால் 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்புக் கண்டது. அவர் வத்திக்கானில் கண்டது உரோமையின் பெருமையை மட்டுமன்று. அங்கே நம்முடையது ஒன்று காத்துக்கிடக்கிறது என்பதையும் கண்டார்.

1554ஆம் ஆண்டு லிசுபன் நூலை உருவாக்கியவர்களாக வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ் என மூன்று பெயர்கள் அதிலேயே குறிக்கப்பட்டுள்ளன. பெயர்கள் போர்த்துகீசியம்; மனிதர்கள் தமிழர். லிசுபன் ஆலயங்களைக் காணும் நம் மாணவர், தமக்கு நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே அத்தெருக்களில் தமிழர் நடந்திருக்கிறார்கள் என்பதை அறிந்து நடந்தால், அவருடைய கட்டுரையின் குரலே வேறாக ஒலிக்கும்.

இந்தத் தொடர்பு நம் காங்கேய மண்ணுக்கும் புதிதன்று. அருகிலுள்ள படியூரில் கிடைத்த பெரில் கற்களும், நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் மணிகளாகப் பட்டை தீட்டப்பட்ட கற்களும் பழைய உரோமை வணிகத்தோடு தொடர்புடையவை என்று தொல்லியலாளர் கூறுகின்றனர். பெரில் இந்தியாவில்தான் விளைகிறது, வேறெங்கும் கிடைப்பது அரிது என்று முதல் நூற்றாண்டு உரோமை ஆசிரியர் பிளினி குறித்திருக்கிறார். திருவெளிப்பாட்டின் 21ஆம் அதிகாரம் புதிய எருசலேமின் அடித்தளக் கற்களை எண்ணும்போது எட்டாவதாக வருவதும் பெரிலே. ஆகவே, காங்கேயத்துப் பிள்ளை உரோமையில் முன்பின் அறியாத அந்நியராகக் கூசி நிற்க வேண்டியதில்லை.

கொங்கு நாட்டு வினா

நம் வட்டாரத்தார் ஒரு பெரிய கட்டடத்தைக் கண்டால் முதலில் கேட்பது, 'எவ்வளவு செலவாகியிருக்கும்?' என்பதுதான். உடன் சென்ற நண்பர்களில் யாரேனும் ஒருவர், பெரும்பாலும் பிற சமயத்தைச் சார்ந்த நண்பர், இதைக் கேட்டிருப்பார். 'பணம் யார் கொடுத்தது?' என்று தொடர்ந்தும் கேட்டிருப்பார். கட்டுரை எழுதும்போது நம் மாணவர் இவ்வினாவை நாகரிகம் கருதி நீக்கிவிடுகிறார். நண்பர்கள் நிழற்படத்தில் மட்டும் எஞ்சுகிறார்கள். அவர்களுடைய கேள்விகள் கட்டுரைக்குள் வருவதில்லை. இதுவே இவ்வெழுத்து வகையின் பெருங்குறை என்பது நம் கருத்து. ஏனெனில், ஐரோப்பாவின் பழைய ஆலயங்கள் பலவற்றைத் திறக்கும் சாவி இந்தக் கொங்கு நாட்டு வினாவிலேயே இருக்கிறது. அவற்றைக் கட்டிய பணத்தில் பெரும்பங்கு துணிப் பணம்.

பிரான்சு நாட்டு ஷார்த்ர் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றின் கீழ்ப்பகுதியில் துணி வணிகர், மென்மயிர்த் தோல் வணிகர் முதலிய தொழிலோர் தம் தொழிலைச் செய்யும் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. இவை வணிகர்கள் மனமுவந்து வழங்கிய காணிக்கைகள் என்று பழைய நூல்கள் கூறின. பிற்கால ஆய்வாளருள் சிலர் இதை ஐயுறுகின்றனர். எவ்வாறாயினும், துணியை முழம்போட்டு அளக்கும் கைகள் புனிதர்களின் காலடியில் ஒளிர்கின்றன. இங்கிலாந்தின் சில பகுதிகளில் 'கம்பளிக் கோயில்கள்' என்றே பெயர் பெற்ற ஆலயங்கள் உள்ளன. லாவன்ஹாம் ஊரின் ஆலயக் கோபுரத்துக்கு, 1523இல் இறந்த தாமஸ் ஸ்பிரிங் என்னும் துணி வணிகர் தம் உயிலில் பணம் எழுதிவைத்தார். நார்த்லீச் ஆலயத்தில் கம்பளி வணிகர்களின் கல்லறைத் தகடுகளில் அவர்களது காலடியில் ஆடும் கம்பளி மூட்டையும் பொறிக்கப்பட்டுள்ளன. சமயச் சீர்திருத்தத்துக்குப்பின் இவை ஆங்கிலிக்கன் ஆலயங்களாயின. கற்கள் அக்காலக் கத்தோலிக்கர் எழுப்பியவை. பேல் கட்டுகளுக்கு நடுவே வளர்ந்த திருப்பூர்ப் பிள்ளைக்கு இந்த மூட்டையின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வகையில் தலையாய சான்று இத்தாலியின் புளோரன்சு. அந்நகரப் பேராலயத்தின் பணி 1296இல் தொடங்கியது. 1331இல் அதன் கட்டுமானப் பொறுப்பைக் கம்பளித் தொழில் குழுமம் ஏற்றது. 1420இல் தொடங்கி 1436க்குள் புருனெல்லெஸ்கி எழுப்பிய குவிமாடத்தைப் பாராட்டாத பயணக் கட்டுரை இல்லை. ஆனால் அந்தக் கம்பளிக் குழுமத்தின் சின்னம் எது என்பதை நாம் படித்த கட்டுரைகள் எவையும் சொல்லவில்லை. கொடியேந்திய ஆட்டுக்குட்டி அது. நாம் ஒவ்வொரு திருப்பலியிலும் மன்றாடும் இறைவனின் செம்மறியே புளோரன்சு முதலாளிகளின் வணிக முத்திரை.

அந்த முத்திரையின் கீழ் வேலை செய்தவர்கள் யார்? கம்பளியை அடித்து, கழுவி, சிக்கெடுத்த கூலிகள். சியோம்பி என்று அழைக்கப்பட்ட அவர்களுக்குத் தமக்கெனக் குழுமம் அமைக்க உரிமையில்லை. நகர ஆட்சியில் பங்கில்லை. 1378ஆம் ஆண்டு கோடையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். சிக்கெடுக்கும் தொழிலாளியாக இருந்த மிக்கேலே தி லாந்தோ நகரின் தலைமைப் பொறுப்பில் அமர்ந்தார். தொழிலாளருக்கென மூன்று புதிய குழுமங்கள் தோன்றின. சில வாரங்களிலேயே மிக வறியவர்களின் குழுமம் கலைக்கப்பட்டது. 1382இல் மற்ற இரண்டும் மறைந்தன. பேராலயப் பணியோ நிற்கவில்லை. அந்தக் கிளர்ச்சி ஒடுங்கி நாற்பது ஆண்டுகளுக்குப்பின் எழுந்ததுதான் நாம் வியக்கும் குவிமாடம்.

இதைச் சொல்வதால் பேராலயம் அழகு குன்றிவிடுவதில்லை. அந்தக் குவிமாடம் மனித அறிவின் அருஞ்செயல். அதன் கீழ் எண்ணற்றோர் உண்மையாகவே இறைவனைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அழகையும் அநீதியையும் ஒருசேரக் காணும் வலிமை நம் எழுத்துக்கு வேண்டும். ஒன்றை மட்டும் கண்டால் விளம்பரம். மற்றதை மட்டும் கண்டால் வசை. இரண்டையும் கண்டு, இரண்டிலும் தம் பங்கு என்ன என்று தம்மையே வினவும்போதுதான் பயணக் கட்டுரை இலக்கியமாகிறது. திருச்சபையின் மொழியில் இதற்கு மனச்சான்று ஆய்வு என்று பெயர்.

சாயக்காரர் தெருவும் நொய்யலும்

புளோரன்சில் திருச்சிலுவை ஆலயத்துக்கு அருகே, ஆர்னோ ஆற்றுப் பக்கமாகச் செல்லும் தெரு ஒன்றுக்குச் சாயக்காரர் தெரு என்று பெயர். சாயத் தொழிலுக்கு ஆறு வேண்டும். இதை நமக்கு யார் சொல்லித்தர வேண்டும்? திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, காங்கேயம் பக்கத்து வயல்களையும் கிணறுகளையும் கெடுத்த கதை நம் காலத்துக் கதை. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. விதிகளை மீறிய ஆலைகள் மூடப்பட்டபோது பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்து தவித்ததையும் நாம் கண்டோம். துணியின் பளபளப்புக்கு உழவர் ஒரு விலை கொடுத்தார். தொழிலாளி மற்றொரு விலை கொடுத்தார். இந்தப் பட்டறிவோடு சாயக்காரர் தெருவில் நடக்கும் மாணவர் எழுதக்கூடிய கட்டுரையை, எந்த ஐரோப்பிய வழிகாட்டியும் எழுத முடியாது. நம் மாணவர்களோ தங்களிடம் மட்டுமே உள்ள இந்தச் சாவியைப் பயன்படுத்தாமல், எல்லாருக்கும் கிடைக்கும் கையேட்டைப் பார்த்து எழுதுகிறார்கள்.

இங்கே நம் சொந்த ஆலயங்களையும் நினைத்துப் பார்க்கலாம். நம் பங்கு ஆலயத்தின் மின்விசிறி இறக்கையிலும் இருக்கையின் முதுகிலும் அன்பளித்தவர் பெயர் உண்டு. கொடுத்தவரை நன்றியோடு நினைப்பது நல்ல மரபே. ஆனால் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் வாரம் முழுதும் முதுகு வளைத்து, பீசுக் கணக்கில் பெற்ற கூலியிலிருந்து ஞாயிறன்று காணிக்கைப் பையில் பத்து ரூபாய் இட்ட பெண்ணின் பெயர் எதிலும் இல்லை. எருசலேம் ஆலயத்தின் சிறப்பைக் கண்டு சீடர் வியந்த நாள்களில், காணிக்கைப் பெட்டியில் இரு காசுகள் இட்ட கைம்பெண்ணை ஆண்டவர் சுட்டிக்காட்டினார். நற்செய்தியாளர் மாற்கும் லூக்காவும் கைம்பெண்ணை முதலிலும், கற்களின் வியப்பை அடுத்தும் வைத்திருப்பது தற்செயலாக நமக்குத் தோன்றவில்லை. ஆலயத்தைக் காணும் முறையையே அங்கே ஆண்டவர் கற்பிக்கிறார்.

எனவே, எழுத விரும்பும் நம் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது அரிய புலமையன்று. உயரத்தை எழுதுங்கள், அதைத் தாங்கிய தோள்களையும் தேடுங்கள். கட்டி முடித்த ஆண்டை எழுதுங்கள். கட்டியவர் உண்ட உணவைப் பற்றியும் கேளுங்கள். உடன் வந்த நண்பர் கேட்ட கேள்வி சங்கடமானதாயினும் அதை நீக்காதீர்கள். விடை தெரியாவிட்டால் கேள்வியையாவது பதிவு செய்யுங்கள். ஐரோப்பா செல்லாதவர்கள் நம் மறைமாவட்டத்திலேயே தொடங்கலாம். விசைத்தறிகளின் ஓசைக்கு நடுவே நிற்கும் கருமத்தம்பட்டி செபமாலை அன்னை திருத்தலம், கொங்கு மறைப்பணியின் பழைய மையங்களில் ஒன்று. அதன் வரலாற்றை நெசவாளர் பக்கமிருந்து எழுதிய கட்டுரை ஒன்றை நாம் இன்னும் படிக்கவில்லை.

மற்றொன்றும் உண்டு. அயல்நாட்டுப் பேராலயத்தில் மொழி தெரியாமல் கடைசி வரிசையில் நின்ற தனிமையைப் பல மாணவர்கள் உருக்கமாக எழுதுகிறார்கள். அப்பகுதிகளே அவர்களுடைய எழுத்தில் மிக உண்மையானவை. அதே தனிமையோடு இன்று நம் பகுதி ஆலயங்களின் பின்வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பின்னலாடை ஆலைகளுக்கு வந்த இளைஞர்களில் கத்தோலிக்கரும் உளர். திருப்பலி முடிந்ததும் யாரோடும் பேசாமல் விடுதிக்குத் திரும்புகிறார்கள். அவர்களுக்கு நாம்தான் அயல்நாட்டார். நம் ஆலயமே அவர்கள் காணும் வெளியூர்க் கோயில். இரவில் தொலைபேசியில் தம் தாயிடம் அவர்கள் நம் ஆலயத்தைப் பற்றி என்ன சொல்வார்கள்? கோபுரத்தின் உயரத்தை நிச்சயமாகச் சொல்லமாட்டார்கள்.